இத்தாலி கேட்கிறது, மதுரை கேட்கவில்லை: ஹாம் ரேடியோ கேள்வி-பதில்

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வது. அதைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எந்த செட் வாங்கலாம்?’ வகைதான். அவற்றைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். ஆன்டெனாவும் பேசும் நேரமும் சரியாக அமைந்தால் அந்தக் கேள்வியின் அவசரம் தானாகக் குறைந்துவிடும்.

சென்னை அம்பத்தூரில் இருக்கிறேன். 14 மெகாஹெர்ட்ஸில் இத்தாலி, ரஷ்யா எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அதே நேரம் மதுரை நண்பரின் குரல் துளிகூட வருவதில்லை. செட்டில் கோளாறா?

செட் நன்றாகத்தான் இருக்கிறது. நண்பர் மிக அருகில் இருப்பதுதான் சிக்கல்.

தரையிலிருந்து சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் (சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற மேல் வளிமண்டலம்) எஃப் அடுக்கு இருக்கிறது. சாய்வாகப் போய் அதைத் தொடும் அலை வளைந்து கீழே இறங்கும். ஒரு தாவலில் 3,000 கிலோமீட்டருக்கு மேல்கூடப் போகலாம். இரண்டு மூன்று தாவலில் இத்தாலி. மதுரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர்தான். அங்கே இறங்க வேண்டுமென்றால் அலை ஏறக்குறைய 50 முதல் 60 பாகைக் கோணத்தில் செங்குத்தாக ஏற வேண்டும். அவ்வளவு செங்குத்தாக ஏறும் 14 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெரும்பாலான நேரம் அந்த அடுக்கால் திருப்ப முடியாது. துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். நேர் அலையும் சில பத்து கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். இடையில் விழும் இந்த ஊமைப் பகுதியைத்தான் ஹாம்கள் ‘ஸ்கிப்’ என்கிறார்கள். மதுரை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதில் நமக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்தார்கள்; 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. திருநெல்வேலியில் இதை ஆராயவென்றே ஓர் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் சில பிற்பகல்களில் நன்றாக அடர்த்தியாகும். அப்போது 14 மெகாஹெர்ட்ஸிலும் மதுரை திடீரென்று கேட்கலாம். அதை நம்பி நேரம் குறிக்காதீர்கள்.

நண்பரிடம் பேச 7 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு சம நீளக் கம்பிகளாலான ஆன்டெனா) மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு 20.1 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. அதைத் தாழ்வாக, ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டினாலே போதும். தாழ்ந்த டைபோல் பெரும்பகுதி சக்தியை நேரே மேலே அனுப்பும். அது அப்படியே தமிழ்நாடு முழுவதும் சல்லடையில் சலித்த மாவு போல் இறங்கும். டைபோலை எவ்வளவு உயரமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்பவர்களை இந்த விஷயத்தில் மட்டும் நம்ப வேண்டாம்.

காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் ‘நெட்’ (குறித்த நேரத்தில் பலர் கூடிப் பேசுவது) அருமையாக இருக்கிறது. மதியம் செத்துப்போகிறது. இரவில் உயிர் வந்தாலும் ஒரே இரைச்சல். ஏன்?

இரண்டு தனித்தனிக் காரணங்கள். மதியத்துக்குக் காரணம் சூரியன். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு உருவாகி, மேலே போகும் அலையையும் கீழே வருவதையும் உறிஞ்சிவிடும். அலைவரிசை குறையக் குறைய இந்த இழப்பு கூடும். சூரியன் சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும்.

இரவு இரைச்சல் பெரும்பாலும் நம் வீட்டுச் சரக்கு. மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், எல்லாமே குட்டி டிரான்ஸ்மிட்டர்கள். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் எம்.சி.பி.க்களை (மின்பலகையிலுள்ள தனித்தனி சுவிட்சுகளை) ஒவ்வொன்றாகப் போட்டு எந்த இணைப்பில் திரும்புகிறது என்று பிடித்துவிடலாம். அந்த ஒயரை ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் கணிசமாகக் குறையும். மெயினை அணைத்தும் போகவில்லையா? வெளியே வாருங்கள். கடலோர ஊர்களில் கம்பத்து இன்சுலேட்டர்களில் உப்பும் தூசியும் படிந்து பொறி பறக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் இரைச்சல் குறைந்திருந்தால் சந்தேகம் அந்தக் கம்பத்தின் மேல்தான். கம்பத்தில் கை வைக்காமல் மின்வாரியத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

மொட்டை மாடியில் 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, 30 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள், எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. ஆனாலும் ரிப்பீட்டர் (உயரத்தில் நின்று சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) தட்டுத்தடுமாறித்தான் பிடிக்கிறது.

அந்த 1.2ஐ நம்பாதீர்கள். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. இந்த அலைவரிசையில் 30 மீட்டர் ஆர்.ஜி. 58 சுமார் 6 டெசிபெல் விழுங்கும். 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்கு ஒன்றேகால் வாட்தான் போய்ச் சேரும். திரும்பி வரும் அலையும் அதே கேபிளில் இன்னொரு 6 டெசிபெல் இழக்கிறது. எனவே மீட்டருக்கு எட்டுவது கொஞ்சம்தான். அதைப் பார்த்து ‘எல்லாம் நலம்’ என்கிறது. மாடியில் ஆன்டெனாவை அடியோடு கழற்றிவிட்டாலும் கீழே 1.7க்குப் பக்கத்தில்தான் காட்டும். கணக்குப் போட்டால், மேலே உங்கள் ஆன்டெனாவின் உண்மையான அளவு 2ஐத் தாண்டுகிறது.

ஆர்.ஜி. 213 போட்டால் இழப்பு மூன்று டெசிபெலுக்குள் வந்துவிடும். ஆன்டெனாவை ஒருமுறை அதன் காலடியிலேயே அளந்து ட்யூன் செய்யுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அதே ஆர்.ஜி. 58 தாராளமாகப் போதும். அங்கே இழப்பு ஒரு டெசிபெலைச் சுற்றித்தான்.

ஆன்லைனில் 5 வாட் ஹேண்டி (கையடக்க செட்) வாங்கினேன். தஞ்சாவூரில் எந்தச் சத்தமும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பட்டனை அழுத்தாதீர்கள். அனுமதியின்றி வைத்திருப்பதே இங்கே சட்டப்படி தவறு. தேர்வு எழுதுங்கள், 12 வயதுப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். கல்யாண மண்டபத்துக்குள் பேசத்தான் தேவை என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் அங்கீகாரம் பெற்ற செட்களுக்கு உரிமம் வேண்டாம்.

உரிமம் இருந்தால் விஷயம் எளிது. இந்த அலைகள் கிட்டத்தட்ட பார்வைக் கோட்டில்தான் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 4.1ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொடுவானம். தெருவில் கையில் பிடித்திருக்கும் செட்டுக்கு ஐந்து கிலோமீட்டர். 12 மீட்டர் மாடிக்கு 14. ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் மலையில் இருக்கும் ரிப்பீட்டருக்கு 150ஐத் தாண்டும். தஞ்சை சமவெளி, மாடி ஏறுங்கள், செட்டோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவை மாற்றுங்கள். உள்ளூர் ஹாம்கள் எந்த ரிப்பீட்டரில், எந்த டோனில் (ரிப்பீட்டரைத் திறக்கும் ஒலிக்குறி), எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று கேளுங்கள். பாதி நாள் அங்கே ஆளே இருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை.

நாகப்பட்டினத்தில் சில நாள் விடியற்காலை இலங்கை எஃப்.எம். நிலையங்கள் உள்ளூர் போலக் கேட்கின்றன. இதுவும் அயனி மண்டலமா?

இது கீழே, நம் வானிலை செய்யும் வேலை. கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் வெப்பமான உலர்ந்த காற்று படுத்துக்கொண்டால், அலை அந்த எல்லைக்கும் கடலுக்கும் நடுவே சிக்கி, பூமியின் வளைவோடு நீண்ட தூரம் போகும். காற்று அசையாத இரவுகளில் உருவாகும். வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும் கலையும். உரிமம் உள்ளவர்கள் அந்த நேரத்தில் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருக்காமல் 145 மெகாஹெர்ட்ஸில் அழைத்துப் பாருங்கள். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி பதிலுக்கு வரலாம். ராமேஸ்வரத்துக்காரர்கள் இதில் பெருமைப்பட வேண்டாம். உங்கள் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வெறும் 30 கிலோமீட்டர்.

பையனுக்கு விண்வெளி நிலையத்தைக் கேட்க ஆசை. பெரிய டிஷ் வேண்டுமா?

வேண்டாம். அது 400 கிலோமீட்டர் உயரத்தில் தடையில்லாமல் தெரிகிறது. பள்ளிகளோடு பேசும்போதும், படங்களை ஒலியாக அனுப்பும்போதும் 145.800 மெகாஹெர்ட்ஸ், ரிப்பீட்டர் ஓடும் நாட்களில் 437.800. தலைக்கு மேல் வரும் ஒரு கடப்பு சுமார் பத்து நிமிடம். வேகத்தால் அலைவரிசை நகரும்: 145இல் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை, 437இல் பத்து வரை. எனவே 437இல் கேட்கும்போது சற்று மேலே தொடங்கிப் படிப்படியாக இறக்க வேண்டும். ஸ்குவெல்ச்சை (சிக்னல் வலுவில்லாதபோது ஒலியை அடக்கும் வசதி) திறந்து வையுங்கள். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து பெங்களூரு மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான்.

100 வாட் செட்டுக்கு வசதியில்லை. 5 வாட்டில் பயன் உண்டா?

உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல், எதிர்முனை மீட்டரில் இரண்டு எஸ் புள்ளி (சிக்னல் வலுவைக் காட்டும் படி) சொச்சம். பிட்எக்ஸ் என்ற செட்டை வடிவமைத்த ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான், அதன் முதல் வடிவத்தில் காயில் சுற்றக் குழாய் வாஷரையே பயன்படுத்தினார். அப்படிப்பட்ட சில வாட் செட்களை வைத்து எத்தனையோ பேர் நாடு நாடாகப் பேசியிருக்கிறார்கள். குரல் எட்டாவிட்டால் எஃப்.டி. 8 என்ற கணினி வழிக் குறுஞ்செய்தி முறை இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017இல் கொடுத்தது. காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி படித்துவிடும். கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகக் கூடாது. உரையாடல் சுகம் அதில் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை வருகிறது. இடிதாங்கி இருக்கிறது, கேபிளைக் கழற்ற வேண்டுமா?

கழற்றுங்கள். நேரடியாக இறங்கும் இடியைக் கேபிளில் மாட்டும் எந்தச் சின்ன அரெஸ்டரும் (இடிதாங்கியும்) தாங்காது. இடி சத்தம் கேட்டபிறகு கேபிளைத் தொடாதீர்கள். மேகம் கூடும்போதே முடித்துவிடுங்கள். கழற்றிய முனையை மேசையில் போடாமல் வீட்டுக்கு வெளியே விடுங்கள். மின் பிளக்கையும் பிடுங்குங்கள். மாடி இணைப்புகளை இழுத்து ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் சொட்ட ஒரு வளைவு விடுங்கள். மழை நின்று மறுபடி மாட்டும்போது எஸ்.டபிள்யூ.ஆர். முன்பிருந்ததிலிருந்து மாறியிருந்தால் முனையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. செம்பு பளபளக்கும் இடம் வரை கேபிளை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுவதுதான் வழி.