மதுவை உடைக்கும் மரபணுக்களும் தடம் மாறும் இதயத் துடிப்பும்: கேள்வி பதில்

இன்றைய பேச்சு இரண்டு மரபணுக்களைப் பற்றி: ஏடிஎச்1பி, ஏஎல்டிஎச்2. இவற்றுக்கும், இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் (சுருக்கமாக ஏ.எஃப்.) என்ன தொடர்பு என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் இதய மருத்துவர் வேலை. இந்த நிமிடம் நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

செல்வம், மதுரை: ஐயா, குடிச்ச சரக்கு உடம்புல எப்படி உடையுது, மரபணு அதுல எங்க வருது?

இரண்டு படி. முதல் படியில், பெரும்பாலும் கல்லீரலில், ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். இரண்டாம் படியில் ஏஎல்டிஎச்2 நொதி அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வைத்து அசிட்டேட் ஆக்கும். நடுவில் நிற்கிற அசிட்டால்டிஹைடுதான் விஷம்.

ஏடிஎச்1பி-யில் 48-வது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் முதல் படி பல மடங்கு வேகமாகும். ஏஎல்டிஎச்2-வில் 504-வது இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் லைசின் வந்தால் இரண்டாம் படி படுத்துவிடும். இந்த நொதி நான்கு துண்டுகள் கூடி வேலை செய்வது. பழுதான துண்டு பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுது என்று இருப்பவருக்கு நான்கு துண்டும் நல்லதாக அமைவது பதினாறில் ஒன்றுதான். அதனால் ஒற்றைப் பிரதி பழுதே நொதியின் வேலையைப் பாதி அளவுக்கும் வெகு கீழே இறக்கிவிடுகிறது. குடித்த சில நிமிடத்தில் முகம் சிவப்பது, படபடப்பு, குமட்டல் எல்லாம் இங்கிருந்து வருபவை.

இப்படிப்பட்டவர்கள் உலகில் சுமார் 54 கோடி பேர். ஏறக்குறைய எல்லோரும் சீனா, ஜப்பான், கொரியா, தைவான் வழியினர். தமிழரிடம் மிக அரிது. வேகமான ஏடிஎச்1பி-யும் கிழக்கு ஆசியாவில்தான் பெரும்பான்மை, நம்மிடம் குறைவு. இதை மனதில் வையுங்கள். இனி வரப்போகும் பாதிக் கேள்விக்கு இதுவே பதில்.

கவிதா, சிங்கப்பூர்: என் கணவர் சீனர். ரெண்டு கிளாஸ் பியருக்கே முகம் செவந்துடும். பார்ட்டிக்கு முன்னாடி ஃபாமோடிடின்ங்கற அசிடிட்டி மாத்திரை போட்டுக்கிட்டுப் போவார். போன மாசம் குடிச்ச ராத்திரி படபடப்பு வந்து, ஏ.எஃப்.-ஆ இருக்கலாம்னு சொன்னாங்க. இவ்வளவு கம்மியா குடிச்சும் எப்படி?

முதலில் "இருக்கலாம்" என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஏஎல்டிஎச்2 பழுதுள்ளவருக்குக் குடித்ததும் துடிப்பு 110, 120 என்று ஏறுவது சாதாரணம். வேகமாக இருந்தாலும் அது தாளம் தப்பாது. ஏ.எஃப்.-இல் நாடி எந்த ஒழுங்கும் இல்லாமல் விழும். மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக 60 நொடி எண்ணினால் ஓரளவு தெரியும். உறுதி செய்வது, படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈசிஜி மட்டும்தான்.

ஏ.எஃப்.-தான் என்றால், அவருக்கு "கம்மி" என்ற அளவு உங்களுக்கும் எனக்கும் உள்ள கம்மி இல்லை. அதே இரண்டு கிளாஸில் அவர் ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு பல மடங்கு ஏறும். அது அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கிளப்பிவிடும். ஏஎல்டிஎச்2-வுக்கு இன்னொரு வேலையும் உண்டு: செல் கொழுப்பு கெடும்போது உருவாகும் 4-எச்என்இ என்ற நச்சையும் அதுதான் அகற்றும். இந்தப் பழுதுள்ள எலிகளுக்குத் தொடர்ந்து மது கொடுத்த சோதனையில், மேலறையில் அந்த நச்சு தேங்கி ஏ.எஃப். எளிதாகத் தூண்டப்பட்டது. நொதியை முடுக்கும் ஆல்டா-1 என்ற வேதிப்பொருள் அதைக் குறைத்தது. இன்றைக்கு அது ஆய்வுக்கூடப் பொருள்தான், கடையில் தேடாதீர்கள்.

ஃபாமோடிடினை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் அடிக்கடி சொல்வதால் சிலருக்குச் சலிப்பு வரும், பரவாயில்லை. அந்த மாத்திரை ஹிஸ்டமினை மறித்துத் தோல் சிவப்பை மட்டும் மங்க வைக்கிறது. அசிட்டால்டிஹைடு ஒரு துளியும் குறையாது. எச்சரிக்கை மறைந்ததால் மூன்றாவது கிளாஸ் உள்ளே போகும். இந்த மரபணுவோடு குடிப்பவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து வெகுவாக ஏறும் என்பது ஜப்பான், தைவான் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது.

இன்னொன்று. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வேலை செய்யவும் ஏஎல்டிஎச்2 வேண்டும். பழுதுள்ளவருக்கு அது சரியாகக் கேட்காமல் போகலாம். இதய மருத்துவரிடம் "இவருக்குக் குடித்தால் முகம் சிவக்கும்" என்று ஒரு வரி சொல்லிவையுங்கள்.

பிரபு, கோவை: எனக்கு முகம் செவக்கறதே இல்லீங்க. அப்ப நம்ம ஜீன் நல்ல ஜீன்தானுங்களே? சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர், மத்த நாள் தொடறதில்ல.

இந்த முடிவுதான் எனக்குக் கவலை. சிவக்கிறவருக்கு உடம்பே பிரேக் போடுகிறது. உங்களுக்கு அந்தப் பிரேக் இல்லை, அவ்வளவுதான். இதயத்துக்குக் காப்பு இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

கணக்குப் போடுங்கள். மில்லிலிட்டரை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.789-ஆல் பெருக்கினால் எத்தனால் கிராம் கிடைக்கும். பிராந்தி, விஸ்கி, ரம் இங்கே 42.8 சதவீதம். குவார்ட்டர் 180 மில்லி என்றால் சுமார் 61 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பியர் 8 சதவீதம் என்றால் 41 கிராம். இனி இதைப் பாருங்கள்: 2021-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 1,07,845 பேரைச் சராசரியாகப் 14 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். நாளுக்கு வெறும் 12 கிராம் குடித்தவருக்கே ஏ.எஃப். ஆபத்து 16 சதவீதம் கூடுதல். நீங்கள் ஐந்து நாள் பங்கை ஒரே ராத்திரியில் ஏற்றுகிறீர்கள். 1978-இல் எட்டிங்கர் குழு "ஹாலிடே ஹார்ட்" என்று பெயரிட்டது, வார இறுதிக் குடிக்குப் பின் வந்த இத்தகைய தாளக் கோளாறுகளைப் பார்த்துத்தான்.

உடனடி விளைவும் அளக்கப்பட்டிருக்கிறது. விட்டுவிட்டு ஏ.எஃப். வரும் 100 பேருக்குக் கணுக்காலில் மது உணர்கருவியும் நெஞ்சில் ஈசிஜி கருவியும் மாட்டினார்கள். ஒரு டிரிங் குடித்த நான்கு மணி நேரத்துக்குள் ஏ.எஃப். வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, இரண்டும் அதற்கு மேலும் குடித்தால் மூன்றரை மடங்கு.

மாலினி, டொராண்டோ: எச்சில் பரிசோதனையின் மூலத் தரவு கையில் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்எஸ் எண் என்பது மரபணுவில் ஒரு இடத்தின் அடையாளம். ஆர்எஸ்671: ஜிஜி என்றால் ஏஎல்டிஎச்2 சரி, ஏஜி ஒற்றைப் பழுது, ஏஏ முழுப் பழுது. ஏடிஎச்1பி-க்கான ஆர்எஸ்1229984-இல்தான் ஆட்கள் தலைகீழாகப் படிப்பார்கள். ஏடிஎச்1பி மரபணு எதிர் இழையில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் வேக வடிவத்தை ஏ என்று எழுதும். நேரிழைப்படி தரும் நிறுவனங்களின் கோப்பில் அதுவே டி என்று வரும். அங்கே சிசி என்றிருந்தால் மெதுவான வடிவம் இரட்டைப் பிரதி. பெரும்பாலான தமிழருக்கு ஜிஜி, சிசி என்றுதான் வரும்.

அருண், சென்னை: ஏடிஎச் மரபணுக்களும் 4-வது குரோமோசோம், ஏ.எஃப்.-க்கான பிஐடிஎக்ஸ்2 இடமும் 4-வது குரோமோசோம். இரண்டும் சேர்ந்து கடத்தப்படுமா?

நல்ல கேள்வி. இல்லை. நடுவில் ஒரு கோடி எழுத்துக்கு மேல் இடைவெளி. பல தலைமுறைக்குச் சேர்ந்தே பயணிக்க அது மிக அதிகம். 2007-இல் ஐஸ்லாந்து குழு கண்டுபிடித்த பிஐடிஎக்ஸ்2 பகுதி, இடது மேலறையும் நுரையீரல் சிரைகளும் உருவாவதோடு சேர்ந்தது. மதுவுக்கும் அதற்கும் உறவு தேட வேண்டாம்.

குமரேசன், திருச்சி: முகம் சிவக்காதவர்களுக்கு ஆபத்து இல்லை என்று சொல்லலாமா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நந்தன், ஈப்போ: உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது டாக்டர். அசிட்டால்டிஹைடு இதயத்துக்கு விஷம் என்றால், ஏஎல்டிஎச்2 பழுதுள்ளவர்களுக்கு ஏ.எஃப். அதிகம் இருக்க வேண்டும். சிவக்கிறவருக்கு உடம்பே பிரேக் போடும் என்றும் சொல்கிறீர்கள், அப்படியானால் குறைவாகக் குடிப்பதால் ஏ.எஃப்.-உம் குறைவாக இருக்க வேண்டும். எது?

இரண்டுமே, எதிரெதிர்த் திசையில். மரபணு இரண்டு வழியாக இதயத்தைத் தொடுகிறது. ஒன்று நடத்தை: குடித்தால் அவதி, அதனால் குடியே குறைவு. மற்றது உயிர்வேதியியல்: குடித்தால் கிராமுக்குக் கிராம் சேதம் அதிகம். மொத்த மக்களையும் கலந்து எண்ணினால் முதல் வழி இரண்டாவதை மறைத்துவிடும். எத்தனை கிராம் குடித்தார் என்று பிரித்துப் பார்க்காத எண்ணிக்கையை வைத்து அசிட்டால்டிஹைடுக்கு நற்சான்று தர முடியாது.

நந்தன், ஈப்போ: அப்படியானால் இந்த மரபணுவைக் குடி அளவுக்கு அடையாளமாக வைத்துச் செய்யும் மெண்டலியன் ரேண்டமைசேஷன் ஆய்வே செல்லாது. மரபணு மதுவின் அளவு வழியாக மட்டும்தான் நோயைத் தொட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

விதி சரி. "செல்லாது" என்பது அதிகம். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: குடிக்காதவர்களிடம் அதே மரபணு என்ன செய்கிறது என்று பாருங்கள். சீனாவின் கடூரி பயோபாங்க் என்ற பெரும் ஆய்வு 2019-இல் இதைத்தான் செய்தது. ஐந்து லட்சம் பேர், அவர்களில் சுமார் 1,60,000 பேருக்கு மரபணுப் பரிசோதனை. இந்த இரண்டு மரபணுக்களையும் வசிக்கும் பகுதியையும் வைத்துக் கணித்த ஆண்களின் சராசரிக் குடி வாரத்துக்கு 4 கிராமிலிருந்து 256 கிராம் வரை. பக்கவாதம் அதோடு சேர்ந்தே ஏறியது. அங்கே பெண்களில் சுமார் 2 சதவீதம்தான் குடிப்பவர்கள். பெண்களிடம் அதே மரபணுக்கள் அந்த ஏற்றத்தைக் காட்டவில்லை. அது பக்கவாதம்தான், ஏ.எஃப். இல்லை. ஆனால் முறை இதுவே.

சுதா, பெங்களூரு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோபன்ஹேகன் ஆய்வு மரபணுவுக்கும் ஏ.எஃப்.-க்கும் தொடர்பே இல்லை என்றதே?

ஆம், 2016-இல், 88,782 பேர். நேரடியாகக் கேட்டறிந்த குடி அளவோடு தொடர்பு தெரிந்தது, மரபணுவோடு தெரியவில்லை. காரணம் டேனியரிடம் வேக ஏடிஎச்1பி சில சதவீதம்தான். இருப்பவரும் கொஞ்சம்தான் குறைத்துக் குடிக்கிறார். அந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து மிதக் குடியின் விளைவைப் பிடிப்பது கடினம். பல மரபணுக்களைச் சேர்த்துச் செய்த 2020 ஆய்வில் ஏ.எஃப். பக்கம் லேசான சாய்வு தெரிந்தது. அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது. நந்தன், இதில் உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. மரபணுச் சான்று இன்னும் மெலிந்ததே. ஆனால் எத்தனாலே நேரடியாகக் குற்றவாளி என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது: நரம்பு வழியாக மது ஏற்றியபோது நுரையீரல் சிரைப் பகுதியின் ஓய்வு நேரம் (ஒரு மின்துடிப்புக்குப் பின் அடுத்ததை ஏற்காத நேரம்) சுருங்கியது. ஏ.எஃப். கிளம்பும் இடமே அதுதான். அசிட்டால்டிஹைடு கூட்டாளி. அது இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும்.

பெயர் வேண்டாம், விழுப்புரம்: வீட்டுக்காரருக்கு இதயத்துடிப்பு கோளாறு இருக்குங்க. குடிய நிறுத்த சாப்பாட்டுல கலந்து குடுக்க ஒரு மாத்திரை சொன்னாங்க. டைசல்ஃபிராம்னு எழுதியிருக்கு. குடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. கலக்கவே கலக்காதீர்கள். அந்த மாத்திரை ஏஎல்டிஎச்2-வை முடக்கிவிடும். இதுவரை பேசிய பழுதை நல்ல உடம்பில் வலுக்கட்டாயமாக உண்டாக்கும். தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, துடிப்பு தாறுமாறாகி, உயிர்கூடப் போகலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பது அந்த மருந்தின் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. தெரிந்து கொடுப்பதானாலும், கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தின பிறகும் 14 நாள் வரை அதன் வேலை நீடிக்கும். தீவிர இதய நோயில் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் ஏறும். ஏற்கனவே கலந்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் குடி மீட்புச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

தர்ஷன், யாழ்ப்பாணம்: அப்பாக்கு ஏ.எஃப். எண்டு வார்ஃபரின் குடுத்திருக்கினம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கள்ளுக் குடிக்கிறவர். கள்ளுத்தானே எண்டு சொல்லுறார். மறிக்கிறதோ?

கள்ளிலும் அதே எத்தனால்தான். மரத்தில் இருந்து இறக்கிய பிறகும் புளித்து ஏறிக்கொண்டே போகும். நிறுத்தினால் பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் 140 ஏ.எஃப். நோயாளிகளைப் பிரித்துப் பார்த்த 2020 ஆய்வில், ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது குடியை விட்டவர்களில் 53 சதவீதம், விடாதவர்களில் 73 சதவீதம். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு வரலாம். மக்னீசியமும் பொட்டாசியமும் சரிந்தால் ஏ.எஃப்.-ஐ விட மோசமான கீழறைக் கோளாறும் வரும். மருத்துவர் பார்வையில் குறைக்கட்டும். குடி மாறும் வாரங்களில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஜெகன், ஓசூர்: ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

ஏ.எஃப்.-க்கு இல்லை.

சங்கர், சேலம்: முகம் சிவக்கவில்லை என்றால்...

கோவை. மேலே.

ரேவதி, தஞ்சாவூர்: இந்த மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா? குடித்த மறுநாள் அதிகாலையில் படபடப்பு வருகிறது. ஆஸ்பத்திரி போவதற்குள் ஈசிஜி நார்மல்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். விடை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான், சிகிச்சையும் அதனால் மாறாது. அந்தப் பணத்தில் தைராய்டு டிஎஸ்எச், பொட்டாசியம், மக்னீசியம், எக்கோ பாருங்கள். மருத்துவரிடம் கேட்டு 24 மணி நேரம் உடலில் மாட்டும் ஈசிஜி கருவியான ஹோல்ட்டருக்குப் பதில் ஏழு நாள் கருவி மாட்டிக்கொள்ளுங்கள். படபடப்பு வந்த மணி, முந்தைய ராத்திரி குடித்த அளவு, தூங்கின நேரம் மூன்றையும் தாளில் எழுதுங்கள். அளவை பெக் கணக்கில் எழுதாமல் மில்லியிலும் சதவீதத்திலும் எழுதுங்கள். கருவிக்காகக் குடிக்க வேண்டாம்.