20,000 ரூபாய்க்குள் கல்லூரிப் படிப்புக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம்: திருவாரூர் மாவட்டத்துக் கிராமம். தங்கை அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறார். வீட்டில் ஒதுக்க முடிந்தது 20,000 ரூபாய். புதிய மடிக்கணினியா, பழையதா, மேசைக் கணினியா?

பழைய மடிக்கணினி. அதிலும், அடிமூடியைக் கழற்றி ரேம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு), பேட்டரி, கீபோர்டு எல்லாவற்றையும் உள்ளூரிலேயே மாற்ற முடிகிற மாடல். மன்னார்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். நாங்கள் கணினி விற்பதில்லை. பிறர் விற்றது கெட்டுப்போனால் எங்களிடம் வரும். அப்படி வருவதைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அபிப்பிராயம் இது.

20,000 ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் செலரான் என்ற அடிமட்ட வகைச் செயலியும் 4 ஜிபி ரேமும் இருக்கும். சேமிப்புக்கு எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி வைத்திருப்பார்கள். கேமராவில் போடும் மெமரி கார்டின் நெருங்கிய உறவு அது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் வந்து உட்கார்ந்தால் மிச்சம் அதிகம் இருக்காது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரேமையும் சேமிப்பையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, ரொம்ப மெதுவாக இருக்கிறது, ரேம் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். போடுவதற்கு இடமே இருக்காது. திறந்து காட்டிவிட்டுத் திருப்பி மூடிக் கொடுப்பதுதான் எங்களால் முடிந்த உதவி. புதியதென்றால் ஓராண்டு வாரண்டி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் பல நிறுவனங்களின் சேவை மையத்துக்கு நீங்கள் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகவேண்டும். அதோடு, மெதுவாக ஓடுவது வாரண்டியில் சேராது.

பழையது என்று நான் சொல்வது வீட்டில் ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்பதை மட்டும் அன்று. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடும் மடிக்கணினிகள் சந்தைக்கு வருகின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490, 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்றவை. புதிதாக வந்தபோது இவற்றின் விலை உங்கள் 20,000த்தைப் போலப் பல மடங்கு. நான் பெயர் சொன்ன நான்கிலும் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. எஸ்எஸ்டியைக் கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம். டி480இல் பேட்டரியே இரண்டு: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டும்படி ஒன்று. தோற்றம் பெரும்பாலும் கறுப்பாகவும் கனமாகவும்தான் இருக்கும். தங்கையின் தோழிகள் "அப்பா காலத்துப் பெட்டியா?" என்று கேட்டாலும் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இனி, கடைக்காரர் சொல்லாத ஒன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்பதற்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அடையாளம் காண்பது எளிது. ஐ5 8250 என்று இருந்தால் முதலில் நிற்கும் 8தான் தலைமுறை. ஐ5 7200 என்றால் ஏழாவது. ஐ7 என்ற எழுத்தைக் காட்டி ஆறாம் தலைமுறையை ஐ5 எட்டாம் தலைமுறையின் விலைக்குத் தள்ளிவிடுவது நடக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பதைவிட அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக்கொடுத்து "ஓடுகிறது பாருங்கள்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்குக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

இதே விதியால் உங்கள் தங்கைக்கு ஒரு லாபமும் உண்டு. விண்டோஸ் 11 கைவிட்டதால் ஆறாம், ஏழாம் தலைமுறை மடிக்கணினிகள் கணிசமாக மலிந்துவிட்டன. வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாதவை அவை. கணினி அறிவியல் மாணவிக்கு அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம். சி, சி++, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாமே அதில் இலவசமாக ஓடும். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மூன்றாண்டுப் படிப்புக்கு இது போதும். 20,000த்தில் ஒரு பகுதி கையிலேயே மிஞ்சும்.

ஒரு சிக்கல் மட்டும் வரலாம். கல்லூரி ஆய்வகத்தில் 1990களின் டர்போ சி++ என்ற நிரலெழுதும் மென்பொருள் இன்னும் உயிரோடு இருந்தால், அங்கே எழுதிய நிரல் வீட்டு லினக்ஸில் பிழை காட்டும். திரையைத் துடைக்கும் கட்டளை, ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கட்டளை போன்றவை டர்போவுக்கே உரிய சரக்கு. லினக்ஸில் சி நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றித் தரும் ஜிசிசி அவற்றை ஏற்காது. பிள்ளைகள் தங்கள் நிரலே தவறு என்று நினைத்து அழும் நிலைக்குப் போய்விடுவார்கள். அந்த வரிகளையும் நிரலின் தலையில் உள்ள conio.h வரியையும் நீக்கிவிட்டு ஓட்டினால் எளிய சி நிரல்கள் பெரும்பாலும் சரியாகிவிடும். டர்போவேதான் வேண்டுமென்றால், பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் வழியாக லினக்ஸிலும் அதைத் திறக்கலாம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் பி.காம். மாணவர் இருந்தால் லினக்ஸ் ஆலோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு எழுதும் மென்பொருளான டாலி விண்டோஸில்தான் ஓடும். அதில் பணம் கட்டாத கல்விப் பயன்முறையே உண்டு. மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு போட விடும் என்றாலும், பழகுவதற்கு அது போதும். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் ஆட்டோகேடுக்காக விண்டோஸையும் 16 ஜிபி ரேமையும் தேடவேண்டும். அது வேறு பட்ஜெட்.

ரேமைப் பற்றி முன்பு "4 ஜிபியோடு வாங்குங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்பேன். இப்போது சொல்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே வாங்கும்போதே 8 ஜிபி உள்ளதாகப் பாருங்கள். அது ஒற்றைத் துண்டாக இருந்து பக்கத்து இடம் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. ஹார்டு டிஸ்க் உள்ளதை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி கட்டாயம்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் கொஞ்சம் குறையலாம். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர். ஆனால் ஒரு வாரத்தில் ஸ்பீக்கர் கரகரத்தால் மறுபடியும் அதே ரயில். நான் திருச்சியையோ தஞ்சாவூரையோதான் சொல்வேன். வாரண்டியை பில்லில் எழுதிக் கொடுக்கிற கடையாக இருக்கட்டும். வாய்வார்த்தை உத்தரவாதத்தை நம்பி எங்கள் கடை வாசலில் நின்றவர்கள் நிறையப் பேர்.

கடையில் அவசரப்படாதீர்கள். இயந்திரத்தை அணைத்து மறுபடி இயக்கி, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அது பழைய நிறுவனம் போட்ட பூட்டு. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இணையத்தில் இணைத்து விண்டோஸை முதலிலிருந்து அமைக்கச் சொல்லுங்கள். "இந்தச் சாதனம் இன்ன நிறுவனத்துக்கு உரியது" என்று திரையில் வந்தாலும் அதே முடிவுதான். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. தயாரித்தபோது கொள்ளளவு 48,000, இப்போது முழுதாக ஏற்றினால் 24,000 என்று இருந்தால் பாதி உயிர் போய்விட்டது. அதை வைத்து விலையைக் குறைக்கலாம். பிறகு வெள்ளைத் திரையில் கறை, கீபோர்டின் எல்லா விசைகள், எல்லா யுஎஸ்பி துளைகள், கேமரா, கீல்.

மேசைக் கணினி மலிவு என்பது உண்மை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மினி மேசைக் கணினியும் பழைய மானிட்டரும் சேர்ந்து மடிக்கணினியைவிடக் குறைவாகவே வரும். வீட்டிலேயே இருந்து படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல தேர்வு. ஆனால் நம் பக்கத்து மின்சாரத்தை நினைத்துப் பாருங்கள். பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மாலை வரை வராது. ஐப்பசி அடைமழையில் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. சிறிய யுபிஎஸ் சேமித்துவிட்டு மூடுவதற்கு மட்டுமே நேரம் தரும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் இருட்டு. அப்படிப்பட்ட காலத்தில் மடிக்கணினியும் உதவாது என்பது வேறு விஷயம்.

பணத்துக்கு வருவோம். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் விவசாய வீட்டில் கையில் காசு இருக்காது. குறுவைக்கு உழவு, நாற்று, உரம் என்று எல்லாம் வயலுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் நகையை அடகு வைத்துக் கணினி வாங்காதீர்கள். முதல் பருவத்துக்குக் கல்லூரி ஆய்வகத்தை வைத்தே சமாளிக்கலாம். கைப்பேசியிலேயே சி நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதிகளும் உண்டு. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் வாங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாம் ஆண்டுக்கு மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜாவாவும் தரவுத்தளமும் வந்துவிட்டால் வீட்டில் பழகாமல் முடியாது. தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை ஒதுக்கி வைத்தால் ஓராண்டில் 12,000. கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியில் ஒரு வார்த்தை கேளுங்கள். படிப்புக்குத் தேவை என்றால் கணினி விலையையும் கடனில் சேர்க்க, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. தங்கையின் பெயர் பட்டியலில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வாங்கியபின் வரும் செலவில் எங்கள் ஊரில் முதலிடம் எலிக்கு. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் சார்ஜர் ஒயரைத் தரையில் விட்டால் கடித்துவிடும். உடனே கிடைக்கிற போலி சார்ஜரை வாங்கி மாட்டுவார்கள். டெல் மடிக்கணினி தன் சார்ஜரை அடையாளம் பார்க்கும். தெரியவில்லை என்றால் பேட்டரி ஏறாது, செயலியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "கணினியே போய்விட்டது" என்று பதறிக்கொண்டு வருபவர்களில் சிலருக்குச் சரியான சார்ஜரை மாட்டிக் காட்டினாலே போதுமானதாக இருக்கிறது. அறுவடை இயந்திரம் ஓடும் தை, மாசியில் ஜன்னலோரம் வைத்து ஓட்டினால் பதரும் தூசியும் விசிறிக்குள் அடையும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து ஊதவேண்டும். திறக்க முடிகிற மாடலாக வாங்கியிருந்தால் பத்து நிமிட வேலை.