நாய் குளிக்கும் நேரத்தில் ஃபோனை யார் எடுப்பது?

கேள்வி: நாய், பூனைகளுக்கு க்ரூமிங் செய்கிறேன். ஊருக்குப் போகிறவர்களின் செல்லங்களை போர்டிங்கிலும் வைத்துக்கொள்கிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். குளிப்பாட்டும்போது ஃபோன் அடித்தால் எடுக்க முடிவதில்லை. திருப்பி அழைப்பதற்குள் வேறு இடம் பார்த்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரே அறையை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். புக்கிங், பில், மெசேஜ் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒருவரைப் பகுதி நேரமாக வைக்கலாமா? நாத்தனார் மகள் வேலை கேட்கிறாள், வெளியாளை வைக்கலாமா என்றும் யோசனை. நம் இடத்துக்கே வராத ஒருவரை எப்படி நம்புவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாக வைக்கலாம். ஈரக் கையோடு ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேதி பேசினால் ஒரே அறை இரண்டு பேருக்குப் போகத்தான் செய்யும். ஆனால் ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரு வாரத்துக்கு, வருகிற ஒவ்வோர் அழைப்பிலும் நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். "ஷிட்ஸூ நாய்க்கு முடி வெட்டணும்" என்று ஒருவர் சொன்னதும், "கடைசியா எப்போ வெட்டினீங்க, சிக்கு விழுந்திருக்கா?" என்று உங்கள் வாய் தானாகக் கேட்டுவிடும். சிக்கு தோலோடு ஒட்டியிருந்தால் ஸ்டைல் எல்லாம் கிடையாது, ஒட்ட வெட்டத்தான் வேண்டும், நேரமும் இழுக்கும். இது தெரியாதவர் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு நேரம் கொடுத்துவிடுவார். அன்று மாலை முழுக்க நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். போர்டிங் என்றால் பெண் நாயா, கருத்தடை ஆகியிருக்கிறதா, ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்) இருக்கிறதா, மருந்து ஏதும் உண்டா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்று வேறு கேள்விகள். வார முடிவில் ஒன்றரைப் பக்கம் சேரும். புதிதாக வருகிறவருக்குத் தர வேண்டிய பயிற்சியில் பாதி அதிலேயே இருக்கும்.

தடுப்பூசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோனில் எல்லோரும் "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள். பொய் என்றில்லை, குட்டிக்கு ஒரு ஊசி போட்டதுமே எல்லாம் முடிந்ததாக நினைப்பவர்கள் நிறைய. டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய்களுக்கான ஊசியைக் குட்டிக்குக் குறைந்தது 16 வாரம் ஆகும்வரை, 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். முதல் ரேபிஸ் ஊசி போட்டு 28 நாள் ஆன பிறகுதான் அது கணக்கில் சேரும். ஆகவே கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது, தேதி பார்ப்பது, அடுத்த ஊசி எப்போது என்று குறித்து வைத்து நினைவூட்டுவது என்று இது ஒரு தனி வேலை. வீட்டிலிருந்து செய்வதற்கு இதைவிடத் தோதானது கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் இதையும், மறுநாள் வர வேண்டியவர்களுக்கு மெசேஜ் அனுப்புவதையும்தான் கொடுப்பேன். தப்பு நேர்ந்தாலும் பிடித்துத் திருத்த உங்களுக்கு அவகாசம் இருக்கும். அப்புறம் காலண்டர். ஃபோன் கடைசியில்.

ஒரே அறைக் குழப்பம் ஆள் வைத்ததாலேயே தீர்ந்துவிடாது. நோட்டில் ஒன்று, சுவரில் ஒன்று, உங்கள் நினைவில் ஒன்று என்று இல்லாமல் காலண்டர் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கூகுள் காலண்டரில் அறைக்கு ஒன்றாகத் திறந்து, திருத்தும் அனுமதியோடு புதிதாக வருகிறவருக்குப் பகிருங்கள். நீங்கள் வாசலில் நின்று ஒருவருக்குச் சரி சொல்லிவிட்டு எழுத மறந்தால், எவ்வளவு கெட்டிக்கார உதவியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விலங்கின் உடம்பு பற்றிய முடிவு எதையும் அவர் எடுக்கக் கூடாது. "நாய் வயிறு உப்பியிருக்கு, வாந்தி எடுக்கப் பார்க்குது, எதுவும் வரலை" என்று மெசேஜ் வரலாம். "ஆண் பூனை ஒன்னுக்குப் போக முக்கிக்கிட்டே இருக்கு" என்றும் வரலாம். முதலாவது வயிறு முறுக்கிக்கொண்டதன் அறிகுறியாகவும், இரண்டாவது சிறுநீர்க் குழாய் அடைப்பாகவும் இருக்கக்கூடும். இரண்டிலும் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. "உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று பதில் போட்டு அடுத்த நொடி உங்களை அழைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. இதை அந்தத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இனி நம்பிக்கை. எல்லோரும் பணத்தை நினைத்துத்தான் பயப்படுவார்கள். பணத்துக்கு வழி சுலபம்: பில் போடுவதும் பாக்கியை நினைவூட்டுவதும் அவர், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் வங்கிக் கணக்கும் நீங்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது உங்கள் போர்டிங் பதிவேடு. யார், எந்த விலாசம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை வீட்டில் இல்லை என்று அதில் வரிசையாக இருக்கிறது. திருடனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அதனால் உதவியாளர் பார்க்கும் பட்டியலில் பெயர், ஃபோன் எண், விலங்கின் விவரம், தேதி மட்டும் போதும். விலாசம் உங்களிடமே இருக்கட்டும். யாராவது வீட்டுச் சாவியோ கதவுக் குறியீட்டு எண்ணோ கொடுத்திருந்தால் அதைப் பற்றி மெசேஜில் ஒரு வரிகூட வரக் கூடாது.

தொழிலுக்குத் தனி எண் இல்லையென்றால் முதலில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் உங்கள் ஃபோன் தவிர இன்னும் 4 சாதனங்களை இணைக்கலாம். ஆனால் இணைத்தவரால் அந்த எண்ணில் நடக்கும் எல்லா உரையாடலையும் பார்க்க முடியும். சொந்த எண்ணாக இருந்தால் வீட்டு விஷயமும் சேர்ந்தே போகும். ஓ.டி.பி. உங்கள் ஃபோனுக்கே வரட்டும். அவர் வேலையை விடுகிற அன்றே இணைப்பைத் துண்டித்துப் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். சண்டை போட்டுப் போனாலும் சரி, சிரித்துக்கொண்டு போனாலும் சரி.

ஆளைத் தேர்ந்தெடுக்க நேர்காணலைவிட ஒரு சின்னச் சோதனை மேல். பழைய மெசேஜ்களில் ஐந்தை எடுத்து, பெயர், எண்ணை நீக்கிவிட்டுக் கொடுங்கள். அந்த நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். "வெள்ளிக்கிழமை நைட்ல இருந்து ரெண்டு நாள் விடணும், எவ்ளோ?" என்ற மெசேஜுக்கு ஒருவர் உடனே கட்டணத்தைச் சொல்லி இரண்டு பூப்படம் போடுவார். இன்னொருவர், "ஞாயிறு காலையில கூட்டிட்டுப் போவீங்களா, ராத்திரியா? நாயா, பூனையா? ஊசி கார்டு படம் அனுப்ப முடியுமா?" என்று கேட்பார். இரண்டாமவரை எடுங்கள். அவருக்கு நாய் வளர்த்த அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நேரத்தையும் யோசித்து வையுங்கள். உங்கள் ஃபோனிலேயே தவறிய அழைப்புகளின் பட்டியல் இருக்கிறது. அவை எந்த மணிகளில் குவிகின்றன என்று பார்த்தால் முழு நாள் தேவையா, காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் போதுமா என்பது தெரிந்துவிடும்.

நாத்தனார் மகளும் அந்த ஐந்து மெசேஜுக்குப் பதில் எழுதட்டும். தேறினால் சந்தோஷம்; சம்பளம், நேரம், விடுப்பு எல்லாம் வெளியாளுக்கு எப்படியோ அப்படியே எழுத்தில் கொடுங்கள். தேறவில்லை என்றால், நாத்தனார் கேட்கும்போது சொல்ல உங்கள் கையில் ஒரு காரணமாவது இருக்கும்.