கைதட்டல், குக்கர் விசில், போன் பட்டன்: சத்தம் கேட்டு வேலை செய்யும் சர்க்யூட்டுகள் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மைக் சம்பந்தப்பட்டவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கைதட்டினால் லைட் எரியும்படி ஆர்டுயினோ யூனோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) செய்தேன். ஒரு தட்டுக்கு எரிந்து, உடனே தானாக அணைந்துவிடுகிறது. சென்சார் பழுதா?

பதில்: சென்சாருக்கு ஒன்றும் இல்லை. அநேகமாக மைக்குக்குப் பக்கத்திலேயே ரிலேயை, அதாவது லைட்டை ஆன்-ஆஃப் செய்யும் மின் சுவிட்சை, வைத்திருப்பீர்கள். ரிலே போடும் 'டிக்' சத்தத்தை அது இன்னொரு கைதட்டல் என்று எடுத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் ரிலேயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எல்இடி வைத்துப் பாருங்கள், கோளாறு மறைந்துவிடும். லைட்டை மாற்றியதும் அரை வினாடி மைக்கைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி புரோகிராமில் எழுதினால் போதும். கைதட்டல் சுவரில் பட்டுத் திரும்பி இரண்டாவது தடவை கேட்பதும் அதே அரை வினாடியில் அடங்கிவிடும்.

கதவு சாத்தினாலும் எரிகிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இரண்டு தட்டுக் கேளுங்கள். முதல் தட்டுக்கும் இரண்டாவதற்கும் 200 முதல் 600 மில்லி வினாடி இடைவெளி இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளட்டும். இதற்கு மட்டும் அந்த அரை வினாடியைத் தட்டுக்குப் பின் 100 மில்லி வினாடி, ரிலேக்குப் பின் அரை வினாடி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குக்கர் விசிலை எண்ணி, மூன்றானதும் பஸ்ஸர் அடிக்க வேண்டும். மிக்சி ஓடினாலும் எண்ணுகிறது. எவ்வளவு சத்தத்துக்கு எண்ண வேண்டும் என்ற எல்லையைக் கூட்டியும் பார்த்துவிட்டேன், விசிலை எண்ணுவதும் நின்றுவிட்டது.

பதில்: எங்கள் வீட்டில் நான் செய்த முதல் சர்க்யூட்டும் இதுதான். சட்னி அரைத்து முடிப்பதற்குள் ஏழு விசில் காட்டியது, குக்கர் அடுப்பிலேயே ஏறவில்லை. மிக்சி விசிலைவிடப் பெரிய சத்தம் போடும்போது, அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. மைக் போர்டில் எல்லையை மாற்றும் திருகாணியைத் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. உங்கள் குக்கர் விசில் எத்தனை வினாடி என்று நாலைந்து தடவை கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட ரொம்பக் குறைவாக வருவது கரண்டி விழுந்தது, கடுகு வெடித்தது. ரொம்ப நீளமாக வருவது மிக்சி. ஆனால் மிக்சியை விட்டு விட்டு ஓட்டுபவர்கள் உண்டு, அங்கே இது ஏமாறும்.

இரண்டாவது, சத்தத்தின் அலைவெண், அதாவது வினாடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்பது. மிக்சியில் 'ர்ர்' என்ற அடிச்சத்தம் தூக்கலாக இருக்கும், விசிலில் 'ஸ்ஸ்' என்ற மேல்சத்தம். போனில் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரம் காட்டும் ஏதாவது ஒரு ஆப்பில் பாருங்கள். உங்கள் குக்கரில் எந்த இடம் தூக்கலாக இருக்கிறதோ அந்த அலைவெண்ணையும், மிக்சியின் அடிச்சத்தத்தில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் தனித்தனியாக கோயர்ட்சல் கணக்குப் போடுங்கள், ஒரே ஒரு அலைவெண் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று அது சொல்லும். எல்லா அலைவெண்ணையும் பிரித்துக் காட்டும் முழு எஃப்எஃப்டி கணக்கு தேவையில்லை. மேலது கீழதைவிடப் பல மடங்கு இருந்தால் விசில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யூனோ சாதாரணமாக வினாடிக்கு சுமார் 9,600 தடவைதான் மைக்கைப் படிக்கும். அதில் பாதி, அதாவது 4,800 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அது சரியாகப் பார்க்காது, வேறு ஏதோ அலைவெண் என்று தப்பாகக் காட்டும். உங்கள் விசில் அதற்கு மேலே இருந்தால், ஏடிசியின் (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) பிரீஸ்கேலரை, அதாவது அதன் வேகத்தைக் குறைக்கும் வகு எண்ணை, 128-இலிருந்து 16-க்கு மாற்றுங்கள். வேகம் 77,000 வரை போகும், துல்லியம் கொஞ்சம் குறையும், இந்த வேலைக்குப் பரவாயில்லை.

பஸ்ஸரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஸை அதுவே அணைக்கட்டும் என்று வால்வில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: டிவியில் சத்தம் வந்தால் ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆக வேண்டும், 10 நிமிஷம் சத்தம் இல்லாவிட்டால் ஆஃப் ஆக வேண்டும். டிவியின் லைன் அவுட்டை (ஆடியோ வெளியே வரும் முனை) நேரே யூனோவின் ஏ0 பின்னில் கொடுத்தேன். 10 வினாடியிலேயே ஆஃப் ஆகிறது.

பதில்: இதில் இரண்டு தப்பு இருக்கிறது. முதலில் ஒயரைக் கழற்றுங்கள். லைன் அவுட் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும் சிக்னல், கீழே போகும் பாதியை யூனோவால் படிக்க முடியாது, பின்னுக்கும் நல்லதில்லை. 5 வோல்ட்டிலிருந்து ஒரு 10கே ரெசிஸ்டர், கிரவுண்டிலிருந்து ஒரு 10கே, இரண்டும் ஏ0-இல் சேரட்டும். சிக்னல் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அங்கே வரட்டும், பிளஸ் முனை ஏ0 பக்கம். சத்தமே இல்லாதபோது நடு அளவான 512-ஐ ஒட்டிக் காட்டும். 50 மில்லி வினாடிக்குள் வந்த பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்தால் அதுதான் சத்த அளவு. வீட்டுக் கருவிகளின் வழக்கமான லைன் அளவுக்கு இது 180 சொச்சம் வரும், ஆகவே 10 என்று எல்லை வைத்தால் மெதுவான பேச்சும் தப்பாது.

அப்புறம் அந்த 10 வினாடி. 10 நிமிஷத்தை மில்லி வினாடியாக்க நீங்கள் 10 * 60 * 1000 என்று எழுதியிருப்பீர்கள், பந்தயமே கட்டலாம். யூனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான். 6,00,000 அதில் அடங்காமல் சுற்றி வந்து 10,176 ஆகிறது, அதாவது 10 வினாடி. முதல் 10-க்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள், தீர்ந்தது.

கேள்வி: தோட்டத்து மோட்டாரைப் போன் செய்து இயக்க, பழைய பட்டன் போனும், அழுத்திய எண்ணைப் பட்டன் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் எம்டி8870 ஐசியும் வைத்தேன். 5 அழுத்தினால் ஓடுகிறது, 0 அழுத்தினால் நிற்கவில்லை.

பதில்: அந்த ஐசி 0-ஐ 0 என்று சொல்லாது, 10 என்று சொல்லும். நட்சத்திரம் 11, ஹாஷ் 12. புரோகிராமில் 10 என்று மாற்றுங்கள், நிற்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தானாக எடுக்கும் போனுக்கு ராங் நம்பர் வந்து, அந்த ஆள் 5 அழுத்தினாலும் மோட்டார் ஓடும். நான்கு இலக்கக் குறியீடு வையுங்கள். போர்டில் இருக்கும் சின்ன ரிலேயில் மோட்டார் கரண்டை விடவே கூடாது. ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, ஒரு வினாடி மட்டும் மூடித் திறக்கட்டும். சிவப்பு பட்டனோடு தொடராக இன்னொன்று. இப்படிச் செய்தால் ஓவர்லோடு பாதுகாப்பு அப்படியே இருக்கும், கரண்ட் போய் வந்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பாது. மூன்று பேஸ் ஸ்டார்ட்டரைத் திறக்கும் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: ஈஎஸ்பி32-இல் (வைஃபை உள்ள போர்டு) மைக் நன்றாக வேலை செய்கிறது. வைஃபை போட்டதும் படிப்பதே இல்லை.

பதில்: இந்த போர்டில் ஏடிசி இரண்டு உண்டு. மைக்கை ஏடிசி2 பின்னில் மாட்டியிருக்கிறீர்கள், அந்த ஏடிசியை வைஃபை எடுத்துக்கொள்ளும். ஏடிசி1-இன் பின்களான 32 முதல் 39 வரை உள்ளவற்றில் போர்டில் வெளியே வந்திருக்கும் ஏதாவது ஒரு பின்னுக்கு மாற்றுங்கள்.