பி.காம் முடிச்ச பொண்ணு லண்டன்ல சினிமா படிக்கப் போறேங்கிறா, விடலாமா?

வணக்கம் சார். பாப்பா சி.ஏ. பண்ணுவான்னு நினைச்சீங்க, அவ லண்டன்ல ஃபிலிம் அண்ட் மீடியா எம்.ஏ.வுக்கு ஆஃபர் லெட்டர் வாங்கிட்டு வந்து நிக்கிறா. டைரக்‌ஷன், கேமரான்னா கூட புரியும், பிரிட்டிஷ் படக் கம்பெனிகள் யார் கையில இருக்கு, அவங்க திரையில காட்டுற பிரிட்டன் யாரோட பிரிட்டன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா, இதுக்கெல்லாம் யார் சார் சம்பளம் குடுப்பாங்கன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி. ஆனா பாப்பா எடுத்திருக்கிற சப்ஜெக்ட் நீங்க பயப்படுற அளவுக்கு வெத்து சப்ஜெக்ட் இல்ல, அதுல பாதி கணக்கு வழக்குதான்.

ஜேம்ஸ் பாண்டை எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ்னு சொன்னதும் உலகமே நினைக்கிற ஆளு, எனக்கு அந்தப் படங்க பெருசா பிடிக்காது, அது வேற விஷயம். 1961ல லண்டன்ல ஆரம்பிச்ச இயான் புரொடக்‌ஷன்ஸ்ங்கிற குடும்பக் கம்பெனிதான் இத்தனை வருஷமா எடுத்துச்சு. பாண்ட் படங்கள்ல பங்கு வச்சிருந்த ஹாலிவுட் கம்பெனி எம்.ஜி.எம்.மை அமேசான் 2022ல 845 கோடி டாலருக்கு வாங்கிச்சு, 2025 பிப்ரவரியில பாண்ட் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற அதிகாரமும் அமேசான் கைக்குப் போயிடுச்சு. பாடிங்டன் கரடி இன்னும் தமாஷ், கதைப்படி அது பெருவுல இருந்து வந்தது, லண்டன்ல கம்பளிக் கோட்டு போட்டுட்டு மார்மலேட் சாப்பிடுது, ஓனர் யாருன்னா ஸ்டூடியோகனால், பிரெஞ்சு கம்பெனி. லண்டன்ல இருந்த ஈலிங்ங்கிற பழைய சினிமா ஸ்டூடியோவை 1955ல பிபிசிக்கு வித்தப்போ, பிரிட்டனையும் பிரிட்டிஷ்காரங்க குணத்தையும் காட்டுற படங்களை இங்க எடுத்தோம்னு அங்க கல்வெட்டே வச்சாங்க, அந்தப் பழைய படங்களும் இன்னிக்கு அதே பிரெஞ்சு கம்பெனி கிட்டதான் இருக்கு.

ஓனர் மாறினா படத்துல என்ன மாறும்னு கேப்பீங்க, பாப்பாவோட கேள்வியே அதுதான். ஒர்க்கிங் டைட்டில்னு ஒரு லண்டன் கம்பெனி, 1985ல சேனல் 4 டிவி காசுல ஒரு படம் பண்ணாங்க, தெற்கு லண்டன்ல துணி துவைக்கிற கடை நடத்துற பாகிஸ்தானி பையன், அவனோட வெள்ளைக்கார காதலன், பிரதமர் தாட்சர் காலத்து வேலையில்லாத் திண்டாட்டம், எல்லாம் அதுல இருந்துச்சு. அதே கம்பெனி ஹாலிவுட் யுனிவர்சலோட சேர்ந்த சமயத்துல, 1999ல, 'நாட்டிங் ஹில்' படத்தை ரிலீஸ் பண்ணாங்க. நிஜ நாட்டிங் ஹில் கரீபியன் மக்கள் வந்து குடியேறின ஏரியா, 1958ல இனக்கலவரம் நடந்த இடம், வருஷா வருஷம் அவங்க கார்னிவல் நடக்கிற தெரு. படத்துல கறுப்பின முகத்தைத் தேடித்தான் பிடிக்கணும், புத்தகக்கடை, தோட்டம், தயங்கித் தயங்கிப் பேசுற வெள்ளைக்காரர், அமெரிக்காக்காரங்க பாக்க ஆசைப்படுற லண்டன். ஓனர்தான் காரணம்னு ஒரே வரியில சொல்லிட முடியாது, எழுதினவங்க டேஸ்ட்டும் இருக்கு, ஆனா எந்த ஊர்ல விக்கப்போறோம்ங்கிறது கதைக்குள்ள வந்து உக்காந்துடும், அதை நான் நம்புறேன். சேனல் 4 அரசாங்கத்தோட சொத்து, விளம்பரக் காசுல ஓடுது, அதைத் தனியாருக்கு விக்கலாம்னு 2022ல கிளம்பி 2023 ஜனவரியில கைவிட்டாங்க, ஓனர் மாறினா படமும் மாறிடும்னுதான் அப்போ சினிமாக்காரங்க அவ்வளவு சத்தம் போட்டாங்க.

இப்போ உங்க ஏரியாவுக்கு வர்றேன் சார், கணக்கு. ஒரு படம் பிரிட்டிஷ் படமா இல்லையான்னு அங்க மார்க் போட்டு முடிவு பண்றாங்க. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்துற கல்ச்சுரல் டெஸ்ட், மொத்தம் 35 பாயிண்ட், 18 எடுத்தா பாஸ். கதை எங்க நடக்குது, கேரக்டர் எந்த நாட்டு ஆளு, வசனம் என்ன மொழி, வேலை செஞ்சவங்க யாரு, விஎஃப்எக்ஸ்ங்கிற கிராஃபிக்ஸ் வேலை எங்க பண்ணாங்க, எல்லாத்துக்கும் பாயிண்ட் உண்டு, மொழிக்கு மட்டுமே 6. பாஸ் ஆனா வரிச்சலுகை, தகுதியான செலவுல 80 சதவீதம் வரைக்கும் 34 சதவீதம் கிரெடிட், சின்ன பட்ஜெட் இண்டிபெண்டன்ட் படம்னா 53 சதவீதம், ஆனா அதுக்கு எழுத்தாளரோ டைரக்டரோ பிரிட்டிஷ் ஆளா இருக்கணும், இல்ல ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி எடுத்த கோ-புரொடக்‌ஷனா இருக்கணும். அந்த மாதிரி ஒப்பந்தம் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலயும் இருக்கு. 'கிராவிட்டி' படம் விண்வெளியில நடக்குது, டைரக்டர் மெக்சிகோ, நடிச்சவங்க ரெண்டு பேரும் அமெரிக்கா, காசு ஹாலிவுட் வார்னர் காசு, ஆனா லண்டன் பக்கத்துல ஷெப்பர்டன் ஸ்டூடியோவுல எடுத்து லண்டன்ல கிராஃபிக்ஸ் பண்ணதால 2014ல சிறந்த பிரிட்டிஷ் படம்னு, அந்த ஊரு பெரிய சினிமா விருதான பாஃப்டா அவார்டே வாங்கிச்சு.

இந்த பேப்பரை எல்லாம் யார் ரெடி பண்றா? புரொடக்‌ஷன் அக்கவுண்டன்ட். ஒவ்வொரு படத்துக்கும் தனியா ஒரு கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி, செலவை பிரிட்டன்ல பண்ணது வெளிய பண்ணதுன்னு பிரிச்சு, ஆடிட்டுக்கு நிக்கிற மாதிரி வைக்கணும், இந்த வேலை தெரிஞ்ச ஆளு அங்க ரொம்ப நாளா பத்தல. டைரக்டர் ஆகணும்னு வர்றவங்க ஆயிரம் பேரு, பி.காம் படிச்சுட்டு சினிமாவும் புரிஞ்சு வர்ற பொண்ணுங்க கம்மி சார். அதுபோக ரைட்ஸ், கான்ட்ராக்ட் வேலைகள் இருக்கு.

இதைச் சொன்னதும் லோன் போட ஓடிடாதீங்க. சினிமா வேலை அங்க பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ், ஒரு படம் முடிஞ்சா அடுத்தது தேடணும், ஃப்ரீலான்ஸருக்கு விசா ஸ்பான்சர் பண்ண ஆள் கிடைக்கிறது கஷ்டம். படிப்பு முடிஞ்சு கிடைக்கிற கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ரெண்டு வருஷம் இல்ல, 18 மாசம்தான். அதுக்கப்புறம் ஸ்கில்டு ஒர்க்கர் விசான்னா பொதுவா வருஷத்துக்கு 41,700 பவுண்டு சம்பளம் காட்டணும், புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் தளர்வு இருக்கு, ஆனாலும் ஆரம்பச் சம்பளத்துல எட்டுறது சுலபமில்ல. அதனால ஊர்ல இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வச்சு அனுப்புறதா இருந்தா என்னோட பதில் வேண்டாம்னுதான்.

சென்னையிலயே ஒரு வழி இருக்குன்னும் பாப்பாகிட்ட சொல்லுங்க. லண்டன்ல 1998ல ஆரம்பிச்ச சினிமா கிராஃபிக்ஸ் கம்பெனி டிஎன்இஜி 2014ல மும்பை பிரைம் ஃபோகஸ் குரூப்போட இணைஞ்சது, சென்னையில ஸ்டூடியோ இருக்கு, புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டர், ஃபைனான்ஸ் மாதிரி வேலைகளும் அங்க உண்டு. ஆனா கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது, 2025 பிப்ரவரியில டெக்னிகலர்னு இன்னொரு கிராஃபிக்ஸ் கம்பெனி விழுந்தப்போ லண்டன்ல மட்டும் இல்ல, பெங்களூருல இருந்தவங்களும் திடீர்னு வேலை இல்லாம நின்னாங்க. மேல இருக்கிற ஓனர் யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கறது பரீட்சைக்கு மட்டும் இல்ல.

ஒரு சின்ன வேலை குடுங்க அவளுக்கு. பிரிட்டன்ல கம்பெனீஸ் ஹவுஸ்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, காசு கட்ட வேண்டாம், எந்தக் கம்பெனி பேர் போட்டாலும் டைரக்டர் யாரு, கட்டுப்பாடு யார் கையில, வருஷக் கணக்கு என்ன, எல்லாம் வரும். அவளுக்குப் பிடிச்ச பிரிட்டிஷ் படம் ஒண்ணோட கடைசி டைட்டில்ல இருக்கிற கம்பெனி பேரை போட்டு, மேல மேல போய் கடைசி ஓனர் எந்த நாட்டுல இருக்கான்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ரசிச்சு செஞ்சான்னா படிக்கட்டும், அரை மணி நேரத்துல சலிச்சுட்டு ரீல்ஸ் பாக்க போயிட்டான்னா அவ ஆசைப்படுறது இந்தப் படிப்புக்கு இல்ல, லண்டனுக்கு.

கோர்ஸோட மாட்யூல் லிஸ்ட்ல ஃபைனான்ஸ், டிஸ்ட்ரிபியூஷன், காப்பிரைட் ஏதாவது இருக்கா, இன்டர்ன்ஷிப் உண்டா, இல்ல முழுக்க தியரியான்னு காலேஜுக்கு மெயில் போட்டு கேக்கச் சொல்லுங்க. முழு தியரின்னா, முதல்ல இங்க ஒரு வருஷம் ஆடிட் ஆபீஸ்லயோ ஸ்டூடியோவுலயோ வேலை பாத்துட்டு, அட்மிஷனை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க முடியுமான்னும் சேர்த்துக் கேக்கட்டும். டெபாசிட் கட்டுறதுக்குக் கடைசி தேதி என்னிக்குன்னு ஆஃபர் லெட்டர்ல பாருங்க, அதுக்கு முன்னாடி பாப்பாவையும் கூட்டிட்டு ஒருநாள் சாயங்காலம் வாங்க சார், உக்காந்து பேசலாம்.