பத்தாயிரம் ஸ்ட்ரீம் உறுதி என்கிறாரே, நம்பலாமா?

கேள்வி: நானே எழுதி, பாடி, என் அறையிலேயே பதிவு செய்து இதுவரை மூன்று பாடல்கள் வெளியிட்டிருக்கிறேன். எதுவும் சில நூறு ஸ்ட்ரீம்களைத் தாண்டவில்லை. நான்காவது பாடல் தயார், வரும் வெள்ளிக்கிழமை வெளியிடப் போகிறேன். இதற்கிடையில் ஒருவர், பணம் கட்டினால் ஸ்பாட்டிஃபையில் பெரிய பிளேலிஸ்ட்டில் சேர்த்துப் பத்தாயிரம் ஸ்ட்ரீம் உறுதியாகத் தருகிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கையோடு அந்த வெள்ளிக்கிழமையையும் தள்ளிப்போடுங்கள்.

முதலில் மெசேஜ். இத்தனை பேர் கேட்பார்கள் என்று யாராலும் உறுதி தர முடியாது. உறுதி தருகிறார் என்றால், கேட்கப்போவது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை, பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்). முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்கூட எட்டாத பாடலுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. அதனால் உங்களுக்கு ஆசை வருவது புரிகிறது. ஆனால் அதே 2024 முதல், போலி ஸ்ட்ரீம்கள் அப்பட்டமாகத் தெரியும் பாடல்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் (உங்கள் பாடலைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) அபராதமும் வசூலிக்கிறார்கள். அது உங்கள் தலையில்தான் வந்து விழும். பாடலையே தூக்கிவிடுவதும் உண்டு. சப்மிட்ஹப் போன்ற தளங்களில் கட்டும் பணம் வேறு வகை. அங்கே பிளேலிஸ்ட் வைத்திருப்பவர் உங்கள் பாடலைக் கேட்டுப் பதில் சொல்வதற்குத்தான் காசு, சேர்ப்பதற்கு அல்ல.

சரி, தேதிக்கு வருவோம். ஸ்பாட்டிஃபையின் சொந்தப் பிளேலிஸ்ட்களுக்குப் பாடல் தேர்ந்தெடுக்கும் எடிட்டர்களுக்குப் பாடலை அனுப்ப 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கில் இலவச வழி இருக்கிறது. ஆனால் இன்னும் வெளிவராத பாடலைத்தான் அனுப்ப முடியும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். உங்கள் பழைய மூன்றுக்கும் அந்தக் கதவு மூடிவிட்டது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், எடிட்டர் எடுக்காவிட்டாலும் உங்களை ஃபாலோ செய்பவர்களின் 'ரிலீஸ் ராடார்' என்ற புதுப் பாடல் பட்டியலில் பாடல் போய்ச் சேரும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏற்றிய பாடல் உங்கள் கணக்கில் தெரியவே சில நாள் ஆகும் என்பதால், நான் நான்கு வார இடைவெளி விடச் சொல்வேன்.

அந்தப் படிவத்தில் பாடலைப் பற்றி எழுத 500 எழுத்துக்குறிகள்தான் இடம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். "மனதை உருக்கும் பாடல், சிறு வயது முதலே இசை என் உயிர்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். எடிட்டருக்கு உங்கள் வாழ்க்கை வரலாறு வேண்டாம், இந்தப் பாடலை எந்தப் பட்டியலில், எதற்குப் பக்கத்தில் வைக்கலாம் என்பதுதான் வேண்டும். "இரவு வேலை முடிந்து காலிப் பேருந்தில் திரும்பும் ஒருவரின் பாடல். கிட்டாரும் ஒரு குரலும் மட்டும், தாளம் இரண்டாம் சரணத்தில்தான் நுழைகிறது. வெளியீட்டு நாளில் நேரலை நிகழ்ச்சி வைத்திருக்கிறேன்." இப்படி எழுதினால் கேட்பதற்கு முன்பே அவர் காதில் ஏதோ ஒலிக்கும். வகை, மனநிலை, கருவிகள் என்று கீழே வரும் தேர்வுகளையும் உள்ளது உள்ளபடி குறியுங்கள். நடனப் பட்டியலில் இடம் கிடைக்கட்டும் என்று தாலாட்டை நடனப் பாடலாக்க வேண்டாம் (செய்கிறார்கள், நம்புங்கள்).

எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பதிலே வராது. அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆப்பிள் மியூசிக்குக்கு எப்படி அனுப்புவது என்று உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரையே கேளுங்கள்.

எடிட்டர் கையே படாத பட்டியல்களும் இருக்கின்றன. கேட்பவரின் ரசனைக்கேற்ப வாரந்தோறும் தானாகவே உருவாகும் 'டிஸ்கவர் வீக்லி' அப்படிப்பட்டது. கேட்பவர் பாடலைச் சேமிக்கிறாரா, தன் பட்டியலில் போட்டுக்கொள்கிறாரா, பாதியில் தாண்டிவிடுகிறாரா என்பதைப் பார்த்துத்தான் அது நகரும். 30 நொடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. அதற்காக முன்னிசையை வெட்டிக் குதறுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சில நூறு ஸ்ட்ரீம்களுக்குப் பின்னால் உண்மையான ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களில் தெரிந்தவர்களிடம் "பாட்டைக் கேட்டீர்களா" என்பதோடு விடாமல், ஃபாலோ செய்யவும் சேமிக்கவும் கேளுங்கள்.

தனிநபர்கள் நடத்தும் சிறு பிளேலிஸ்ட்களையும் விடாதீர்கள். முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு, இன்ன பாடலுக்கு அடுத்து என்னுடையது பொருந்தும் என்று நான்கு வரியில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம், அந்தப் பத்தாயிரக்காரருக்குப் பதில் போட வேண்டாம், பிளாக் செய்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தேதியை மாற்றுங்கள்.