வன்முறைக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளின் படிப்பு: கேள்வி பதில்

வடசென்னையில் குழந்தைகள் நலப் பணியில் நெடுங்காலம் இருந்த ஒருவர் பதிலளிக்கிறார்.

வியாசர்பாடி: என் மகளை மருமகனே கொன்றுவிட்டான், இப்போது புழல் சிறையில் இருக்கிறான். பேரப்பிள்ளைகள் இருவரையும் இட்லி விற்றுப் படிக்க வைக்கிறேன். உதவி கிடைக்குமா?

கிடைக்கும், அம்மா. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், நகர்ப்புறமானால் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டாத குடும்பத்தில் வளரும் இத்தகைய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில், பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தாலும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. எது பொருந்தும் என்பதை அங்கேயே சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை மட்டும் கொடுங்கள். மூலத்தை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அண்ணா நகர்: கொலைகாரன் பிள்ளைகளுக்கு வரிப்பணமா?

அவர்கள் கொலையுண்டவளின் பிள்ளைகள். ஒரே இரவில் தாயைச் சுடுகாட்டுக்கும் தந்தையைச் சிறைக்கும் அனுப்பிவிட்டு, மறுவாரம் வகுப்பில் போய் உட்கார்ந்த பிள்ளையிடம் தந்தையின் கணக்கைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அண்ணா நகர்: கோபம் வேண்டாம். விடுதியில் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. பாட்டியும் பழகிய பள்ளியும்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பவை. அவற்றையும் பறித்துவிட்டு வேளைக்குச் சோறு போடுவதை நான் உதவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாம்பரம்: சென்னை அலுவலகத்தில் மனு வாங்க மறுக்கிறார்கள்.

தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஐயா. அங்கே செல்லுங்கள்.

பெரம்பூர்: கொலையாளி யாரென்றே தெரியவில்லை. வழக்கு முடியாமல் இழப்பீடு கேட்க முடியாதாமே?

முடியும். குற்றவாளி அகப்படாமல் விசாரணையே நடக்காவிட்டாலும், இறந்தவரை நம்பியிருந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு செய்யலாம்; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357அ பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவில் உள்ளது. பணம் வாங்கித் தருவதாகக் கமிஷன் பேசும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

எண்ணூர்: தீர்ப்பு வந்தால்தான் இழப்பீடா?

சற்றுமுன் பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவொற்றியூர்: அப்பாவைச் சாதி வெறியில் கொன்றார்கள், வன்கொடுமை வழக்கு நடக்கிறது. தங்கை பிளஸ் டூ.

2016-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, நிவாரணத் தொகையோடு, பட்டப்படிப்பு வரை முழுச் செலவும் அரசுடையது. ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மீண்டும் சொல்கிறேன்: நகல் மட்டும்.